பலூனுக்குக் கீழே எழுத வேண்டியது

வெப்பக்காற்று பலூனை மோசமாகப் படமெடுப்பது கஷ்டம். விடியல் நேரம், சாய்ந்து விழும் வெளிச்சம், உருண்டு திரண்ட ஒரு பெரிய நிறம், பின்னால் இடைஞ்சல் எதுவும் இல்லாத வானம். கல்யாண வீட்டில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையைப் படமெடுப்பது போலத்தான். யார் பொத்தானை அழுத்தினாலும் ஏதோ ஒன்று தேறிவிடும். அதனாலேயே தேர்ந்த படக்காரர்கள் பலருக்கும் பலூன் படங்கள் என்றால் கொஞ்சம் இளக்காரம். காலண்டருக்கு ஆகும் என்பார்கள்.

பொள்ளாச்சியில் 2015இல் தொடங்கி, பொங்கலை ஒட்டி நடந்துவரும் பலூன் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். இருட்டு விலகுமுன்பே மைதானத்தில் துணியை விரித்துவிடுவார்கள். மேலே பறக்கையில் அத்தனை பிரம்மாண்டமாகத் தெரிவது தரையில் கிடக்கும்போது வெறும் நைலான். என்ஜின் பூட்டிய பெரிய விசிறியை வாய்ப்பக்கம் வைத்து முதலில் குளிர்ந்த காற்றையே ஊதுவார்கள். துணி மெல்லப் புடைக்கும். இரண்டு பேர் வாயை அகட்டிப் பிடித்திருப்பார்கள். உச்சியிலிருந்து வரும் நீளக் கயிற்றை ஒருவர் தள்ளி நின்று, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, இழுத்துப் பிடித்திருப்பார். பலூன் அவசரப்பட்டு நிமிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பிறகு பர்னரைத் திறப்பார்கள். புரோப்பேன் சீறிக்கொண்டு எரியும் சத்தத்தில், புதிதாக வந்தவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். உள்ளே காற்று நூறு டிகிரியை நெருங்கும். கிடந்தது எழுந்து நிற்கும். கூடையின் அடி புல்லில் லேசாக உராய்ந்துகொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் உராயாது. அவ்வளவுதான், ஏறிவிட்டது. கயிறு பிடித்தவர் கையை உதறிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடுவார். பலூன் எங்கே இறங்குகிறதோ அங்கே அவர் துரத்திப் போய்ச் சேர வேண்டும். அவர் எந்தக் காலண்டரிலும் இடம்பெறுவதில்லை.

இதைச் சொல்லக் காரணம், இஸ்ரேலில் பணயக்கைதிகளுக்கு ஆதரவாகப் பறக்கவிட்ட பலூன்களின் படங்கள். 2023 அக்டோபர் 7 அன்று காஸாவிலிருந்து எல்லை தாண்டி வந்த ஹமாஸும் கூட வந்த பிற குழுக்களும் சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், அந்த 251 பேரின் வீட்டார் உலகம் தங்களை மறந்துவிடாதிருக்க மனிதர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். பலூன் ஏற்றியதும் அதில் ஒன்று. அந்த நாட்டின் வடக்கே யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பலூன் விடுவது பல காலமாக நடப்பதுதான். பைபிளில் சவுல் விழுந்த கில்போவா மலையின் அடிவாரத்தில் பலூன் திருவிழாவே நடத்துவார்கள். பைலட்டுகள் இருந்தார்கள், துணி இருந்தது, அதிகாலை இருந்தது. அதில் மஞ்சள் ரிப்பனும் முகங்களும் சேர்ந்துகொண்டன.

படங்கள் அழகாக இருக்கின்றன. பிரச்சினையே அதுதான். தரையிலிருந்து மேல்நோக்கி எடுத்த படத்தில் பலூனும் வானமும் மட்டும் இருக்கும். படக்குறிப்பை மறைத்துவிட்டுக் காட்டினால் பொள்ளாச்சி என்று சொல்லி நம்பவைத்துவிடலாம். துருக்கியின் கப்படோக்கியா என்றும் சொல்லலாம். போராட்டப் படங்களில் இப்படி இடம் மாற்றிச் சொல்ல முடிகிற படங்கள் குறைவு. டெல் அவிவின் பெகின் சாலையில் சனிக்கிழமை இரவுகளில் மூட்டிய நெருப்பையும், போலீஸ் பீய்ச்சிய தண்ணீரில் தடுமாறும் மனிதர்களையும் எடுத்த படத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. யாரோ எதற்கோ எதிர்ப்புக் காட்டுகிறார்கள் என்பதாவது தானே புரியும். பலூன் படம் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கீழே எழுதினால்தான் உண்டு.

பணயக்கைதிகளின் கதை முழுக்கவே, படத்துக்குக் கீழே யார் எழுதுவது என்ற சண்டை என்று எனக்குப் படுகிறது.

மனிதனைப் பிடித்து வைத்திருப்பவன் கையில் எப்போதும் ஒரு கேமராவும் இருக்கும். 1978இல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை 'ரெட் பிரிகேட்ஸ்' என்ற தீவிரவாதக் குழுவினர் கடத்தி 55 நாள் வைத்திருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில், அவரைக் கொன்றாயிற்று என்று ஒரு போலி அறிக்கை வெளியானது. அதற்குப் பதிலாக வந்தது ஒரு படம்: மோரோ 'லா ரெபுப்ளிகா' நாளிதழைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்த இதழின் முதல் பக்கமோ, மோரோ கொல்லப்பட்டாரா என்று கேட்கிறது. தன் சாவுச் செய்தியைத் தானே ஏந்தி, தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டிய நிலை. அங்கே நாளிதழ்தான் படக்குறிப்பு. தேதி இல்லாத முகத்துக்குப் பேரத்தில் மதிப்பில்லை. மே 9 அன்று ரோம் நகரத் தெருவொன்றில் ஒரு காரின் பின்புறத்தில் அவர் உடல் கிடைத்தது.

காஸாவில் இதையே நாடக மேடையாக்கினார்கள். 2025 ஜனவரி, பிப்ரவரி மாதப் போர்நிறுத்தத்தின்போது விடுவிக்கப்பட்டவர்களை மேடையேற்றி, கையில் சான்றிதழும் பரிசுப் பையும் கொடுத்து, பின்னால் வாசகங்கள் எழுதிய பதாகையைக் கட்டிப் படமெடுத்தார்கள். பிப்ரவரி 8 அன்று டெய்ர் அல் பலாவில் மேடையேறிய மூன்று ஆண்களின் ஒடுங்கிய கன்னங்களை உலகமே பார்த்தது. அவர்களில் ஒருவர் தன் மனைவியையும் இரண்டு மகள்களையும் பார்க்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு நின்றிருந்தார். மனைவி, மகள்கள் மூவரும் அக்டோபர் 7 அன்றே கொல்லப்பட்டிருந்தார்கள். அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்த நமக்குத் தெரியும். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான ஒரு காணொளியில், எலும்பும் தோலுமாக இருந்த இளைஞர் ஒருவரைச் சுரங்கத்துக்குள் குழி தோண்டவைத்து, இது என் சவக்குழி என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். குறிப்பை எழுதும் அதிகாரம் எதிராளியிடம் இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

வீட்டார் செய்தது, அந்தக் குறிப்பைத் தங்கள் கைக்குத் திரும்ப வாங்குவது. தாக்குதல் நடந்தபோது நியூயார்க்கில் இருந்த நிட்சான் மின்ட்ஸ், தேதே பண்டெய்ட் என்ற இரண்டு ஓவியர்கள் ஒரு சுவரொட்டியை உருவாக்கினார்கள். மேலே 'கடத்தப்பட்டவர்' என்ற சொல், நடுவே முகம், கீழே பெயர், வயது, நாடு. யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். உலகின் பல நகரங்களில் ஒட்டினார்கள். சில இடங்களில் கிழித்தார்கள்; கிழிப்பவர்களையும் படமெடுத்தார்கள். அந்தச் சுவரொட்டிகளில் உள்ள படங்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். கடற்கரை, பிறந்தநாள் கேக், பட்டமளிப்பு விழா, மடியில் நாய்க்குட்டி. எடுத்த நேரத்தில் யாரும் இதற்காக எடுக்கவில்லை. வீட்டுப் படம் சுவருக்கு வந்ததும் மாறியது கீழே இருந்த எழுத்து மட்டும்தான்.

டெல் அவிவ் கலை அருங்காட்சியகத்துக்கு முன்னால் உள்ள திறந்தவெளிக்குப் பணயக்கைதிகள் சதுக்கம் என்று பெயர் வந்தது. அங்கே கடத்தப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு நாற்காலி போட்டு, தட்டு வைத்து, யாரும் உட்காராத நீண்ட உணவு மேஜையை அமைத்தார்கள். நடந்து பார்க்க ஒரு மாதிரிச் சுரங்கம் கட்டினார்கள். நாள், மணி, நிமிடம், வினாடி என்று ஓடும் ஒரு கடிகாரம் வைத்தார்கள். எல்லாமே கேமராவுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊரில் இதைக் குறையாகச் சொல்வோம்: எல்லாம் போட்டோவுக்குத்தான் என்று. இங்கே அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைத் தொலைத்தவர் கதறுவது யாருக்காவது கேட்க வேண்டும் என்றுதானே.

ரேச்சல் கோல்ட்பெர்க்-போலின் என்ற தாய் செய்ததுதான் இவை எல்லாவற்றிலும் எளியது. ஒவ்வொரு நாளும் ஒட்டுத்தாளில் ஓர் எண்ணை எழுதிச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒட்டிக்கொள்வார். மகன் போய் எத்தனையாவது நாள் என்ற எண். அவர் போப்பைச் சந்தித்தாலும், அமெரிக்காவில் கட்சி மாநாட்டு மேடையில் பேசினாலும், எந்தப் படக்காரர் எந்தக் கோணத்தில் எடுத்தாலும், அந்த எண் விழுந்துவிடும். குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போட எந்த ஆசிரியராலும் முடியாது. படக்குறிப்பை உடம்பிலேயே ஒட்டிக்கொண்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2024 ஆகஸ்ட் 29 அன்று அவரும் மற்ற குடும்பத்தாரும் நிரிம் கிப்புட்ஸ் அருகே, காஸா வேலியை ஒட்டி, ஒலிபெருக்கியில் தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இரண்டே நாளில், மகனின் உடல் வேறு ஐந்து பேரின் உடல்களோடு ரஃபாவில் ஒரு சுரங்கத்தில் கிடைத்தது.

மஞ்சள் நிறத்துக்கும் ஒரு சங்கதி உண்டு. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து 52 பேரை 444 நாள் வைத்திருந்த 1979–81 காலத்தில், அங்கே சிக்கிய தூதரகப் பொறுப்பாளரின் மனைவி பென்னி லைங்கன் தன் வீட்டு ஓக் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டினார். அங்கிருந்து பரவிய வழக்கம்தான் டெல் அவிவுக்கு வந்தது. ஆரஞ்சு நிறம் மட்டும் அந்த மண்ணிலேயே பிறந்தது. கடத்தப்பட்டபோது ஒன்பது மாதமான ஒரு குழந்தைக்கும் நாலு வயதான அதன் அண்ணனுக்கும் செம்பட்டை முடி. குழந்தையின் முதல் பிறந்தநாளான 2024 ஜனவரி 18 அன்று ஆரஞ்சு பலூன்கள் வந்தன. கேக்கோடு வரும் சாதாரண பிறந்தநாள் பலூன்கள்தான். பலூன் என்றதும் கொண்டாட்டம் என்று நம் கண்ணுக்குப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தெரிந்தே திருப்பிப் போட்டார்கள். பிறந்தநாள் குழந்தை மட்டும் அங்கே இல்லை. இரண்டு பிள்ளைகளும் தாயும் 2025 பிப்ரவரியில் சவப்பெட்டிகளில் திரும்பினார்கள்.

இனி பெரிய பலூனுக்கு வருவோம். அதற்கும் சிறைக்கும் பழைய உறவு. 1783இல் மோன்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் மனிதனை ஏற்றலாம் என்று பேச்சு வந்தபோது, மரண தண்டனைக் கைதிகள் இருவரை அனுப்பிப் பார்க்கலாம் என்பது பதினாறாம் லூயி மன்னரின் யோசனை. முதல் முறை பறக்கும் பெருமை குற்றவாளிகளுக்குப் போவதா என்று பிலாத்ரு து ரோசியே என்பவர் மறுத்து, அந்த நவம்பரில் தானே ஏறினார். வானத்திலிருந்து முதல் படம் எடுத்தவர் நாடார் என்ற பாரிஸ் படக்காரர். 1858இல், கட்டிவைத்த பலூனிலிருந்து. முதலில் எடுத்த கண்ணாடித் தகடுகளெல்லாம் கறுத்துப்போயின. பலூனிலிருந்து கசிந்த வாயு ரசாயனத்தைக் கெடுத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, வாயு வழியை அடைத்துக்கொண்டு ஏறியதும் படம் விழுந்தது.

அந்த நாடார்தான் 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தபோது மோன்மார்த்ர் குன்றிலிருந்து பலூன்களை அனுப்ப ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். ரயில் ஓடாததால் காலியாகக் கிடந்த ரயில் நிலையங்களில் பலூன் தைத்தார்கள். நாலு கிராமுக்கு மேல் எடையில்லாத கடிதங்களை மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். லியோன் கம்பெத்தா என்ற உள்துறை அமைச்சர் அப்படி ஒரு பலூனில் தப்பி வெளியே போய்ப் புதிய படை திரட்டினார். அவர் ஏறிய நாள் அக்டோபர் 7. தற்செயல்தான், அதில் அர்த்தம் தேடுவது என் வழக்கமல்ல. ஆனால் ஒரு விஷயம் உறுத்தாமல் இல்லை. பலூனைச் செலுத்த முடியாது. உயரத்தை மாற்றி வேறொரு காற்றைப் பிடிக்கலாம், அவ்வளவே. அதனால் பாரிஸிலிருந்து கடிதம் வெளியே போனது. ஒரு பலூன்கூட பதிலோடு திரும்பி வரவில்லை. ஒன்று வழிதவறி நார்வேயில் போய் இறங்கியது. சில கடலுக்குப் போயின. நியெப்ஸ், தாகேர் என்று புகைப்படத்தின் முன்னோடிகளின் பெயர் சூட்டிய இரண்டு பலூன்கள் ஒரே நாளில் கிளம்பின. தாகேர் பிரஷ்யர் கையில் சிக்கியது. நியெப்ஸில் போன தாக்ரோன் என்ற படக்காரர், ஆயிரக்கணக்கான செய்திகளைச் சின்னஞ்சிறு ஃபிலிம் துண்டாகச் சுருக்கினார். அதைப் புறாவின் வாலில் கட்டி அனுப்பித்தான் பாரிஸுக்குப் பதில் வந்தது. போனது பலூனில், வந்தது புகைப்படத்தில்.

பணயக்கைதிகளுக்காக ஏற்றிய பலூனும் அந்தக் கடிதப் பலூன் மாதிரிதான். போகும், பதில் கொண்டுவராது. போக வேண்டிய இடத்துக்குப் போகவும் போகாது. 2025இல் பொள்ளாச்சித் திருவிழாவின் யானை வடிவ பலூன் ஒன்று காற்றின் போக்கில் கேரளத்துக்குள் போய், பாலக்காட்டுப் பக்கம் ஒரு வயலில் இறங்கியது. வயல்காரர்கள் ஓடிவந்து உதவினார்கள். எல்லோருக்கும் சிரிப்பு. 1979இல் கிழக்கு ஜெர்மனியில் இரண்டு குடும்பங்கள் வீட்டிலேயே துணி தைத்துப் பலூன் செய்து, எட்டுப் பேராக இரவோடிரவாக மேற்குக்குப் பறந்து தப்பியதும் காற்றின் தயவில்தான். காஸா எல்லையில் அப்படி ஒரு பலூன் காற்றோடு கடந்து போனால் என்ன ஆகும் என்பதை யோசிக்கக்கூட வேண்டாம். அது யாருக்காகப் பறக்கிறதோ அவர்கள் இருக்கும் திசைதான் அது போகக் கூடாத திசை. வடக்குப் பள்ளத்தாக்கில் ஏறி, அங்கேயே ஒரு வயலில் இறங்க வேண்டியதுதான். அங்கிருந்து காஸா நூறு கிலோமீட்டருக்கும் மேலே.

உள்ளே இருந்தவர்களில் பலருக்கு வானமே இல்லை. சிலரை வீடுகளில் அடைத்து வைத்தார்கள், பலரைச் சுரங்கங்களில். மாதக்கணக்கில் வெயில் படாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக வானத்தில் ஒன்றை ஏற்றுவது என்பது முதலில் எனக்குக் கொஞ்சம் குரூரமாகத்தான் தோன்றியது. விடுதலையானவர்களில் சிலர் பிறகு சொன்னார்கள்: வானொலியிலோ தொலைக்காட்சியிலோ தற்செயலாகத் தங்கள் வீட்டாரைக் கேட்டோம், பார்த்தோம், அதுதான் தாங்கிப்பிடித்தது என்று. பலூன் அவர்களிடம் போய்ச் சேரவே சேராது. அதைப் பற்றிய செய்தி போய்ச் சேரலாம். ஆக, பறப்பதை விடப் படமெடுப்பதுதான் காரியம். கயிறு பிடித்த ஆள், பைலட், பர்னர் எல்லாம் அந்த ஒரு படத்துக்காக வேலை செய்கிறார்கள்.

அந்த மண்ணில் வானத்துக்கென்று ஒரு கனம் சேர்ந்திருக்கிறது. அக்டோபர் 7 தாக்குதல் தொடங்கியது காலை 6:29க்கு. பலூன் விடும் நேரம்தான். ரெய்ம் கிப்புட்ஸ் அருகே இசைவிழாவில் இரவெல்லாம் நடனமாடிக்கொண்டிருந்தவர்கள் முதலில் ராக்கெட்டுகளைப் பார்த்தார்கள். எல்லையைத் தாண்டி என்ஜின் பொருத்திய பாராகிளைடர்களும் வந்தன. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பிருந்தே காஸாவிலிருந்து தீப்பொருள் கட்டிய பலூன்களும் பட்டங்களும் வந்து கோதுமை வயல்களை எரித்திருந்தன. அதே காஸாவில், பெய்ட் லாஹியா கடற்கரையில், 2011 கோடையில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் 12,000க்கு மேற்பட்ட பட்டங்களைப் பறக்கவிட்டு உலக சாதனை செய்தார்கள். 2023க்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் வானத்தில் ட்ரோன் ரீங்காரம் ஓயவில்லை. 2024 மார்ச்சில் விமானத்திலிருந்து உணவுப் பொதிகளைப் போட்டபோது பாராசூட் விரியாமல் பொதி விழுந்து செத்தவர்கள் உண்டு. போர்நிறுத்தம் வந்த 2025 அக்டோபரில் காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்கு 67,000 சாவுகளைத் தாண்டியிருந்தது. அவற்றைப் படமெடுத்தவர்களும் செத்தார்கள். கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள் இருநூறுக்கு மேல்.

பலூன் படத்தைப் பற்றி எழுதுகையில் இதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு துயரத்தைச் சொன்னால் மறுகணமே இன்னொன்றை எடுத்துத் தராசில் வைக்கும் வழக்கம் எனக்கும் பிடிக்காது. சுவரொட்டியைக் கிழித்தவர்கள் செய்ததும் அதைத்தான். ஆனால் வானத்தைப் படமெடுக்கும்போது அந்த வானத்தின் மறுபாதி சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பது ஒரு பூகோள உண்மை. ராய்ட்டர்ஸ் படக்காரர் முகமது சலேம் எடுத்து 2024இன் உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானதை நினைத்துக்கொள்ளுங்கள். கான் யூனிஸ் மருத்துவமனையில் ஒரு பெண் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்ன உடலை மடியில் வைத்து முகம் புதைத்திருக்கிறார். இரண்டு பேர் முகமும் தெரியாது. அந்த உடல் அவருடைய ஐந்து வயது மருமகளுடையது, தேதி 2023 அக்டோபர் 17 என்பதெல்லாம் கீழே உள்ள எழுத்தில்தான் இருக்கிறது. முகமே இல்லாத அந்தப் படத்துக்கும் நிறம் மட்டுமே உள்ள பலூன் படத்துக்கும் தேவை ஒன்றுதான்.

பலூன் படத்தில் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. அது யாரையும் புண்படுத்தாது. பணயக்கைதிகளின் குடும்பங்களுக்குள்ளேயே பிளவு இருந்தது. போரை நிறுத்தி ஒப்பந்தம் செய்து ஆட்களை மீட்டு வா என்றவர்கள் பெரும்பான்மை. போரை இன்னும் முடுக்கினால்தான் விடுவிப்பார்கள் என்ற சிலரும் இருந்தார்கள். பிரதமரின் பெயரைச் சொல்லித் திட்டிய தாய்மார்கள் இருந்தார்கள். பலூனில் இந்தச் சண்டை எதுவும் ஏறாது. அரசும் பார்த்துத் தலையாட்டலாம், எதிர்க்கட்சியும் தலையாட்டலாம். பிடித்துச் செல்லப்பட்டவர்களில் தாய்லாந்திலிருந்து பண்ணை வேலைக்கு வந்த கூலிக்காரர்கள் இருந்தார்கள், நேபாளத்திலிருந்து விவசாயம் படிக்க வந்த மாணவர் ஒருவர் இருந்தார். வடகிழக்குத் தாய்லாந்தின் கிராமத்தில் காத்திருந்த அம்மாவுக்குப் பலூன் ஏற்ற வசதி ஏது? மேலே போக மேலே போக எல்லோரும் ஒரே நிறமாகிவிடுகிறார்கள்.

அதனால், இப்படி ஒரு பலூன் ஏற்றத்தைப் படமெடுக்க நேர்ந்தால் நான் மேலே பார்க்கமாட்டேன். பலூன் கிளம்புவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. துணி இன்னும் தரையில் கிடக்கும். வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். பனியில் நனைந்த சுவரொட்டியை ஒருவர் சட்டையில் துடைப்பார். விசிறி சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. பர்னரைத் திறக்கும் அந்த இரண்டு மூன்று வினாடியில் நெருப்பின் வெளிச்சம் கீழே நிற்பவர்கள் முகத்திலெல்லாம் விழும்; கேமராவின் மீட்டர் தீயைப் பார்த்து ஏமாந்துபோகும், கையால் எக்ஸ்போஷரைச் சரிசெய்து முகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தீ வெளுத்துப் போனால் போகட்டும். அந்த வெளிச்சத்தில் அண்ணாந்து நிற்பவர்களைப் பார்த்தால் யார் வீட்டார், யார் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று தெரிந்துவிடும். வீட்டார் பலூனைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார்கள்.

2025 அக்டோபர் 13 அன்று, உயிரோடு மீந்திருந்த கடைசி 20 பேரும் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பலூன் படங்களின் பொருள் மாறிவிட்டது. எடுத்தபோது அவை கோரிக்கை, இப்போது ஆவணம். எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகம் அக்டோபர் 7 சம்பந்தமான எல்லாவற்றையும் சேகரித்துவருகிறது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து அந்தப் படங்களை ஒருவர் எடுத்துப் பார்த்தால், மஞ்சள் பலூன், பச்சைப் பள்ளத்தாக்கு, நல்ல காலை என்று மட்டும் தெரிந்தால் அவர் அதை எந்த உறையில் போடுவார்?

நம் நாளிதழ்களின் பட ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட படங்கள் ஏஜென்சி வழியாக உங்கள் மேஜைக்கும் வரும். எட்டாம் பக்கத்தில் விளம்பரம் போக மீந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கூடவே ஐந்து வரிக் குறிப்பும் வரும். அதை 'வானில் ஒரு வண்ணக்கோலம்' என்று சுருக்கிவிடாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி, அன்றைக்கு இன்னும் எத்தனை பேர் உள்ளே என்பது இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.